நோ க்ளைம் போனஸைக் காப்பாற்ற தனியாகக் காசு கட்டணுமா?

போன வாரம் பெரியப்பா மகன் அண்ணன் வாட்ஸப்பில் ஒரு ரினியூவல் கொட்டேஷன் அனுப்பியிருந்தார். அதற்குக் கீழே ஒரே வரி: "டேய், என்ன இது டபுளா வருது?"

டபுள்தான். போன வருஷம் அவர் காரின் ஓன் டேமேஜ் பிரீமியம் 4,500 ரூபாய். இந்த வருஷம் 9,000. ஐந்து வருஷமாகச் சேர்த்து வைத்திருந்த 50 சதவீத நோ க்ளைம் போனஸ் பூஜ்யமாகியிருந்தது. என்ன நடந்தது என்று கேட்டேன். முன் கதவில் ஒரு டென்ட். ஒர்க்‌ஷாப்பில், "இன்சூரன்ஸ் இருக்குல்ல சார், எதுக்குக் கைக்காசு போடுறீங்க"ன்னு சொல்லியிருக்கிறார்கள். இவரும் சரி என்று க்ளைம் போட்டுவிட்டார். கம்பெனி கொடுத்தது 4,600 ரூபாய். முதல் வருஷ பிரீமியம் உயர்வு மட்டுமே, ஜிஎஸ்டியோடு சேர்த்து, 5,310. வாங்கினதை விட அதிகமாக ஒரே வருஷத்தில் திருப்பிக் கொடுத்தாச்சு. கதை அதோடும் முடியவில்லை, அடுத்த நாலு வருஷமும் பாக்கி இருக்கிறது.

"அப்ப ஏதோ ப்ரொடெக்‌ஷன்னு ஒண்ணு இருக்காமே, போனஸ் போகாம இருக்க. அதைப் போட்டுடலாமா?" என்று அடுத்த கேள்வி. அதற்கு ஒரு வரியில் பதில் சொல்ல முடியவில்லை. ஒரு ஞாயிற்றுக்கிழமை முழுக்க உட்கார்ந்து கணக்குப் போட்டுப் பார்த்தேன். அந்தக் குறிப்புகள்தான் இது. திருநாதர் குன்று கல்வெட்டு பற்றி எழுதுகிறேன் என்று சொல்லியிருந்த அடுத்த பகுதி ஒரு வாரம் தள்ளிப் போகிறது, மன்னிக்கவும். அங்கே 57 நாள் உண்ணா நோன்பிருந்த சந்திரநந்தி அடிகளுக்கு இந்தத் தொல்லையெல்லாம் இல்லை.

முதலில் அடிப்படை. கார் பாலிசியில் இரண்டு பாகம். தேர்ட் பார்ட்டி, அதாவது நாம் மற்றவர்களுக்கு ஏற்படுத்தும் சேதம். இதன் விலையை அரசு நிர்ணயிக்கிறது. 2022 ஜூன் 1 முதல் அமலுக்கு வந்த அறிவிப்பின்படி 1000 சிசி வரை 2,094 ரூபாய், 1000 முதல் 1500 சிசி வரை 3,416, அதற்கு மேல் 7,897. இதில் போனஸ் என்ற பேச்சே கிடையாது. இரண்டாவது பாகம் ஓன் டேமேஜ், நம் காருக்கு ஆகும் சேதம். நோ க்ளைம் போனஸ் முழுக்க இந்த இரண்டாவது பாகத்தில்தான். ஒரு வருஷம் க்ளைம் இல்லாவிட்டால் 20 சதவீதத் தள்ளுபடி, இரண்டு வருஷத்துக்கு 25, மூன்றுக்கு 35, நாலுக்கு 45, ஐந்துக்கு 50. அதற்கு மேல் ஏறாது. ஒரே ஒரு க்ளைம் போட்டால் நேராகப் பூஜ்யம். பரமபதத்தில் பெரிய பாம்பு கடித்த மாதிரி, படிப்படியாக இறங்குவதெல்லாம் இல்லை. 4,000 ரூபாய் டென்ட்டுக்கும் அதே பாம்பு, இரண்டு லட்சம் ரூபாய் விபத்துக்கும் அதே பாம்பு.

இன்னொரு விஷயம், பலர் தவறாக நினைப்பது. அமெரிக்காவில் "விபத்து மன்னிப்பு" என்று விற்கிறார்களே, அது நம் மேல் தப்பு இருக்கும் விபத்துக்குப் பிறகு பிரீமியத்தை ஏற்றாமல் விடுவது. நம் ஊரில் மன்னிப்புக்கே இடமில்லை, ஏனென்றால் தப்பு யாருடையது என்று யாரும் கேட்பதே இல்லை. பெயரே "நோ க்ளைம்" போனஸ், "நோ தப்பு" போனஸ் இல்லை. நிறுத்தி வைத்த கார் மேல் புளியமரக் கிளை விழுந்தாலும், 2024 நவம்பர் 30 ராத்திரி கரையைக் கடந்த ஃபெஞ்சல் புயல் மாதிரி ஒன்று வந்து கார் தண்ணீரில் நின்றாலும், க்ளைம் போட்டால் போனஸ் போச்சு. அந்தப் புயலில் மயிலத்தில் மட்டும் ஒரே நாளில் சுமார் 50 சென்டிமீட்டர் மழை. அதில் கார் ஓட்டுபவரின் தப்பு என்ன இருக்கிறது?

"இடிச்சவன் இன்சூரன்ஸ்ல வாங்கிக்கலாமே" என்று கேட்கலாம். சட்டப்படி வாங்கலாம். ஒரு வணிக வண்டியின் தேர்ட் பார்ட்டி பாலிசியில் மற்றவர் சொத்து சேதத்துக்கு 7.5 லட்சம் வரை உண்டு. ஆனால் அதற்கு மோட்டார் விபத்து இழப்பீட்டுத் தீர்ப்பாயத்தில் மனு போட்டு, வக்கீல் வைத்து, வாய்தாவுக்கு அலைய வேண்டும். ஒரு பம்பருக்காக யார் செய்வார்?

என் சொந்த அனுபவத்தைச் சொல்கிறேன், கணக்குக்கு அதுதான் உதவும். ஒரு புரட்டாசி சனிக்கிழமை, சிங்கவரம் ரங்கநாதர் கோயில் மலையடிவாரத்தில் காரை நிறுத்திவிட்டு மேலே போயிருந்தேன். இறங்கி வருவதற்குள் ஒரு குட்டி யானை பின்னால் எடுக்கும்போது இடித்திருந்தது. பின் பம்பர் பிளந்து, டெயில் லாம்ப் உடைந்திருந்தது. டிரைவர் ஓடவில்லை, அங்கேயே நின்றுகொண்டிருந்தார். "தெரியாம நடந்துடுச்சு சார்" என்றார். வண்டி அவருடையது இல்லை, நாள் கூலிக்கு ஓட்டுகிறார். என்ன வாங்குவது? போகச் சொல்லிவிட்டேன்.

ஒர்க்‌ஷாப்பில் எஸ்டிமேட்: பம்பர் 5,200, லாம்ப் 3,400, பெயிண்டிங் 2,800, கூலி 2,200. ஆக 13,600. பார்த்தவுடன் க்ளைம் போடலாம் என்றுதான் தோன்றும். ஆனால் என்னிடம் ஜீரோ டெப், அதாவது ஊர்ப் பேச்சில் பம்பர் டு பம்பர், இல்லை. அது இல்லாவிட்டால் பிளாஸ்டிக் சாமானுக்குப் பாதிதான் கிடைக்கும். பம்பருக்கு 2,600, லாம்புக்கு 1,700. பெயிண்டிங் பில்லில் 25 சதவீதத்தை மெட்டீரியல் என்று வைத்து, அதில் பாதியைக் கழிப்பார்கள், எனவே 2,450. கூலி முழுதாக 2,200. மொத்தம் 8,950. இதில் கட்டாயக் கழிவு 1,000 போக, கைக்கு வருவது 7,950.

இழப்பது எவ்வளவு? இங்கேதான் மனிதர்கள் சறுக்குகிறார்கள். அடுத்த வருஷ உயர்வை மட்டும் பார்க்கிறார்கள். 50 சதவீதத்தில் இருந்தவர் ஒரு க்ளைம் போட்டால் அடுத்த ஐந்து ரினியூவலில் அவருடைய தள்ளுபடி 0, 20, 25, 35, 45 என்று போகும். போடாமல் இருந்திருந்தால் ஐந்திலும் 50. வித்தியாசம் 50, 30, 25, 15, 5. கூட்டினால் 125. அதாவது ஒரு க்ளைமின் விலை, தள்ளுபடிக்கு முந்தைய ஒரு வருஷ ஓன் டேமேஜ் பிரீமியத்தைப் போல ஒன்றேகால் மடங்கு. இந்த ஒரு எண்ணை மட்டும் நினைவில் வைத்துக்கொண்டாலே ஒர்க்‌ஷாப் கவுன்டரில் நின்றபடி முடிவெடுத்துவிடலாம். பாலிசியில் தள்ளுபடிக்கு முந்தைய தொகை தனி வரியில் இருக்கும், அதைத்தான் எடுக்க வேண்டும்.

என் காருக்கு அது 8,000. ஒன்றேகால் மடங்கு 10,000. ஆனால் காரின் மதிப்பு, பாலிசியில் ஐடிவி என்று இருப்பது, வருஷா வருஷம் குறையும், அதோடு பிரீமியமும் குறையும். வருஷத்துக்கு 10 சதவீதம் குறைவதாக வைத்துக்கொண்டால் இழப்பு 4,000 + 2,160 + 1,620 + 875 + 262, ஆக 8,917. 18 சதவீத ஜிஎஸ்டி சேர்த்தால் சுமார் 10,500. கைக்கு வருவது 7,950, போவது 10,500. க்ளைம் போடவில்லை. கைக்காசு 13,600 போட்டேன். வலித்தது, ஆனால் கணக்கு அதுதான். ஜீரோ டெப் இருந்திருந்தால் 12,600 வந்திருக்கும், கண்ணை மூடிக்கொண்டு போட்டிருப்பேன்.

அண்ணனுக்கும் இதே கணக்கு போட்டால்: 9,000 அடிப்படையில் இழப்பு ஏறத்தாழ 11,800. வாங்கியது 4,600. நிகர நஷ்டம் 7,200. அந்த ஒர்க்‌ஷாப்காரர் பொய் சொல்லவில்லை. அவர் பில் அவருக்கு வந்துவிட்டது, அவ்வளவுதான்.

இப்படி மக்கள் சின்ன சேதத்துக்கு க்ளைம் போடாமல் விழுங்கிக்கொள்வதற்கு ஆக்சுவரிகளிடம் ஒரு பெயரே இருக்கிறது: போனஸ் தாகம். பெல்ஜியத்தைச் சேர்ந்த ழான் லெமேர் 1977-இல் இதே தலைப்பில் பிரெஞ்சில் ஒரு ஆய்வுக் கட்டுரை எழுதினார். எந்தத் தொகைக்குக் கீழே க்ளைம் போடக் கூடாது என்பதை டைனமிக் புரோகிராமிங் வைத்துக் கண்டுபிடிக்கும் வழி அது. கல்லூரியில் பரீட்சைக்குப் படித்துவிட்டு மறந்துபோன விஷயம் கார் பம்பரில் வந்து நிற்கிறது.

நானும் நாற்பது வரியில் பைத்தானில் எழுதிப் பார்த்தேன். அதில் தெரிந்த ஒரு நுட்பம், மேலே போட்ட 10,500 கொஞ்சம் அதிகம். ஏனென்றால் இன்று விட்டுக்கொடுத்துக் காப்பாற்றிய போனஸ், நாளைக்கு ஒரு பெரிய விபத்து வந்தால் எப்படியும் போகத்தான் போகிறது. வருஷத்துக்கு 10 சதவீதம் அப்படி ஒரு வாய்ப்பு இருப்பதாக வைத்தால், பாலிசி வருஷத்தின் கடைசியில் எல்லை 9,500 ஆகவும், தொடக்கத்தில் 8,600 ஆகவும் இறங்குகிறது. பாலிசி முடிய இரண்டு வாரம் இருக்கும்போது இடித்தால் இன்னும் கொஞ்சம் பல்லைக் கடித்துக்கொள்ளலாம், புதுப்பித்த மறுநாளே இடித்தால் அவ்வளவு யோசிக்க வேண்டாம். அதே போல ஒரு வருஷத்தில் ஒரு க்ளைம் போட்டாயிற்று என்றால், அந்த வருஷத்தின் அடுத்த க்ளைமுக்குப் போனஸ் இழப்பே இல்லை, ஏற்கனவே பூஜ்யம். ஆனால் அடிக்கடி க்ளைம் போடுபவர் என்ற பெயர் அடிப்படை விலையில் வந்து சேரலாம். அதைப் பிறகு சொல்கிறேன்.

இனி அண்ணனின் கேள்வி. போனஸ் ப்ரொடெக்‌ஷன் என்ற ஆட்-ஆன், ஒரு வருஷத்தில் ஒரு க்ளைம் (சில கம்பெனிகளில் இரண்டு) போட்டாலும் போனஸைப் பூஜ்யமாக்காமல் இருந்த இடத்திலேயே வைத்திருக்கும். கவனிக்கவும், அடுத்த படிக்கு ஏறாது, கீழே விழாது, அவ்வளவுதான். இதன் மதிப்பு நீங்கள் எந்தப் படியில் நிற்கிறீர்கள் என்பதைப் பொறுத்தது. மேலே போட்ட அதே முறையில் போட்டால், 20 சதவீதத்தில் இருப்பவருக்கு ஒரு க்ளைமில் அது காப்பாற்றித் தருவது ஒரு வருஷ அடிப்படை பிரீமியத்தில் 50 சதவீதம். 25-இல் இருப்பவருக்கு 80. 35-இல் 105, 45-இல் 120, 50-இல் 125. அதாவது 35-ஐத் தொட்ட உடனேயே கிட்டத்தட்ட முழு மதிப்பும் வந்துவிடுகிறது. "50 வரட்டும், அப்புறம் பார்த்துக்கலாம்" என்று காத்திருப்பதில் அர்த்தமில்லை. பூஜ்யத்தில் இருக்கும் அண்ணனுக்கு? காப்பாற்ற எதுவுமே இல்லை. வீடு எரிந்த பிறகு பூட்டு வாங்குவது போல.

ஆனால் ஒரு விபத்தில் இந்த ஆட்-ஆன் உண்மையில் மிச்சம் பண்ணுவது அந்த 10,500 அல்ல. கம்பெனி தரும் தொகை, போனஸ் இழப்பு, இந்த இரண்டில் எது குறைவோ அதுதான். சின்ன டென்ட்டுக்கு 3,000 வருமென்றால், ஆட்-ஆன் இல்லாவிட்டால் நான் கைக்காசு போட்டிருப்பேன், எனவே லாபம் 3,000 மட்டும். இரண்டு லட்சம் விபத்து என்றால் எப்படியும் க்ளைம் போடுவேன், லாபம் 10,500-இல் நின்றுவிடும். இதனால்தான் இந்த ஆட்-ஆன் ஜீரோ டெப்போடு சேரும்போது வலுக்கிறது, தனியாக இருக்கும்போது நோஞ்சானாக இருக்கிறது. கைக்கு வரும் தொகையே குறைவாக இருந்தால் காப்பாற்றவும் குறைவாகத்தான் இருக்கும்.

எனக்கு வந்த கொட்டேஷனில் இதன் விலை 640, ஜிஎஸ்டியோடு 755. என் பம்பர் மாதிரி ஒரு விபத்தில் லாபம் 7,950. வகுத்தால் பத்தரை. பத்தரை வருஷத்துக்கு ஒரு தடவைக்கு மேல் இந்த அளவு இடிபடுகிறவருக்கு லாபம், அதற்குக் குறைவாக இடிபடுகிறவருக்கு நஷ்டம். நான் கார் ஓட்ட ஆரம்பித்து 14 வருஷத்தில் இந்த அளவில் இரண்டு முறை, அதாவது ஏழு வருஷத்துக்கு ஒன்று. செஞ்சி கடைவீதியும் திண்டிவனம் ரோட்டில் நெல் மூட்டை ஏற்றிய டிராக்டர்களும் இருக்கும்வரை அது குறையும் என்று நம்பிக்கை இல்லை. இரண்டே சம்பவத்தை வைத்து சராசரி சொல்வது புள்ளியியல் தெரிந்தவர்களுக்குச் சிரிப்பாக இருக்கும். எனக்கும்தான். ஆனால் என்னைப் பற்றி என்னிடம் இருக்கும் டேட்டா அவ்வளவுதான்.

கணக்கு "வாங்கு" என்கிறது. ஆனால் இந்த ஆட்-ஆனில் எனக்குப் பிடிக்காத ஒன்று இருக்கிறது. அது சதவீதத்தைத்தான் காப்பாற்றும், விலையை இல்லை. 2007 ஜனவரியோடு ஓன் டேமேஜ் பிரீமியத்தின் அரசுக் கட்டணப் பட்டியல் போய்விட்டது. அடிப்படை விலையைக் கம்பெனிகளே வைக்கின்றன. ஒரு க்ளைம் போட்ட பிறகு, "உங்க 50 அப்படியே இருக்கு சார்" என்று சொல்லிக்கொண்டே 8,000-ஐ 10,000 ஆக்கலாம். அப்போது நான் கட்டுவது 4,000 இல்லை, 5,000. இன்னும் 8,000-க்குக் கீழேதான், லாபம்தான், ஆனால் நான் மேலே போட்ட அளவு லாபம் இல்லை. பிரிட்டனில் போட்டிச் சந்தைகள் ஆணையம் இதையே கண்டுகொண்டு 2015-இல் ஓர் உத்தரவு போட்டது. போனஸ் பாதுகாப்பை விற்பவர்கள், அது பாலிசியின் மொத்த விலையைப் பாதுகாக்காது, நம் தப்பு இல்லாத விபத்துக்குப் பிறகும் விலை ஏறலாம் என்று வாங்குபவரிடம் தெளிவாகச் சொல்லியே ஆக வேண்டும். என்னிடம் விற்க வந்தவர் அப்படி எதுவும் சொல்லவில்லை.

"விலை ஏத்தினா வேற கம்பெனிக்குப் போயிடுவேன்" என்று சொல்ல முடியுமா? அங்கேதான் சிக்கல். புதிய கம்பெனியில் போன வருஷம் க்ளைம் உண்டா என்று கேட்பார்கள். உண்டு என்றால், பழைய கம்பெனியின் பாதுகாப்பை மதித்து 50 கொடுக்க வேண்டிய கட்டாயம் அவர்களுக்கு இல்லை, பெரும்பாலும் பூஜ்யத்திலிருந்துதான் தொடங்குவார்கள். இல்லை என்று பொய் சொல்வது அதை விட மோசம். புதிய கம்பெனி பழைய கம்பெனியிடம் கேட்டு உறுதி செய்ய வேண்டும் என்று விதியே இருக்கிறது. பொய் என்று தெரிந்தால் ஓன் டேமேஜ் பாகத்தின் பலன் முழுவதும் பறிபோகும். ஆக, பாதுகாப்பைப் பயன்படுத்திய பிறகு சில வருஷங்களுக்கு அதே கம்பெனியோடு கட்டுண்டு கிடக்க வேண்டும். வருஷா வருஷம் நாலு கொட்டேஷன் வாங்கி ஒப்பிடுகிற என்னைப் போன்றவனுக்கு இது ஒரு செலவு. போன வருஷம் எனக்கு வந்த கொட்டேஷன்களில் மேலும் கீழும் 1,400 ரூபாய் வித்தியாசம் இருந்தது. ஒருமுறை வாங்கியதும் வேறு கம்பெனியை எட்டிக்கூடப் பார்க்காதவருக்கு இது பொருட்டே இல்லை.

வாங்குவதற்கு முன் பாலிசி வார்த்தைகளைப் படிக்கும்போது மூன்று இடத்தில் நின்று பாருங்கள். எத்தனை க்ளைம் வரை, முழு இழப்பும் திருட்டும் சேருமா, எத்தனை வயது கார் வரை தருவார்கள். இன்னொன்று, பாலிசி முடிந்து 90 நாளுக்குள் புதுப்பிக்காவிட்டால் போனஸ் தானாகவே காலி. எந்த ப்ரொடெக்‌ஷனும் அதைத் தடுக்காது. போனஸ் காருக்கு இல்லை, உரிமையாளருக்குத்தான் என்பதையும் சொல்லிவிடுகிறேன். பழைய காரை விற்றுப் புதுசு வாங்கும்போது கம்பெனியிடம் ஒரு கடிதம் வாங்கினால் அந்தச் சதவீதம் கூடவே வரும், மூன்று வருஷம் வரை செல்லும். என் 50-இல் பாதி பழைய காரில் சேர்த்ததுதான். புதுக் காரின் ஓன் டேமேஜ் பிரீமியம் அதிகமாக இருப்பதால், அப்போதுதான் இந்தச் சதவீதத்துக்கு உண்மையான மதிப்பு. இரண்டு வருஷத்தில் கார் மாற்றும் எண்ணம் இருப்பவர், மேலே உள்ள கணக்கில் புதுக் காரின் பிரீமியத்தைப் போட்டுப் பார்க்க வேண்டும்.

நான் இந்த வருஷம் எடுத்திருக்கிறேன். என் கார் ஐந்து வயது தாண்டிவிட்டது. இன்னும் மூன்று வருஷத்தில் அடிப்படை பிரீமியம் 5,800 பக்கம் வந்துவிடும், அப்போது காப்பாற்றுவதும் 7,700-க்குள் சுருங்கும். ஆட்-ஆன் விலை அதே 640-இல் நின்றால் விட்டுவிடுவேன்.

அண்ணனுக்கு இப்போது வேண்டாம் என்று சொல்லிவிட்டேன். அந்த 755-ஐத் தனியாக எடுத்து வைக்கச் சொன்னேன். "எங்க, அண்ணி கிட்ட குடுத்தா அது திரும்பி வருமா?" என்றார். அடுத்த வருஷம் 20 வரும், அதற்கடுத்து 25. மூன்றாவது ரினியூவலில் 35 வந்ததும் கொட்டேஷனை எனக்கு அனுப்பச் சொல்லியிருக்கிறேன். அதுவரைக்கும் கதவில் டென்ட் விழுந்தால் ஒர்க்‌ஷாப்புக்குப் போவதற்கு முன் எனக்கு ஒரு போன். பூஜ்யத்தில் இருப்பவருக்கு ஒரு க்ளைம் காவு வாங்குவது பாதி வருஷ பிரீமியம்தான் (20, 5, 10, 10, 5), அதாவது அவருக்கு ஜிஎஸ்டியோடு சுமார் 5,000 ரூபாய். இந்த வருஷம் அவர் கொஞ்சம் தாராளமாகவே க்ளைம் போடலாம்.

"இதை ரெண்டு வருஷம் முன்னாடி சொல்லக் கூடாதாடா?" என்றார்.